பன்னிரண்டாம் குழி

இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டும் கருவி உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை என்பது புது அனலிஸ்டின் தீர்மானமான கருத்து. அவன் வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கருத்துக்கு வயது அதிகம்.

அந்த ஆய்வக அறையில் இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று இணைந்து நின்றன. ஒன்று, திரவத்தைக் குழாய்க்குள் தள்ளி, அதிலுள்ள பொருள்களைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே அனுப்பும். மற்றது, வருகிறவற்றை எடை போட்டு ஆள் யாரென்று சொல்லும். பத்தொன்பது வருடம் இவற்றைக் கட்டி மேய்த்த மேடம், சென்ற மாதம் அங்கே நாற்காலியில் தலை சாய்த்தவர்தான், எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் பாதி குடித்த காப்பி. அறைக்குள் காப்பி கூடாதென்று சட்டம் போட்டவரும் அவரே.

அன்றிலிருந்து டெக்னீஷியன் அக்கா, கருவிக்குள் குப்பிகளை நிறுத்தும் தட்டில் பன்னிரண்டாம் குழியை மட்டும் காலியாக விடுவாள். கருவியின் மூடியை இருமுறை தட்டி, "மேடம், ஆரம்பிக்கலாமா?" என்பாள்.

"மேடத்துக்கு இந்த மாசம் அட்டெண்டன்ஸ் போட்டாச்சாக்கா?" என்பான் அவன்.

இன்று அக்கா லீவு. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தம் வந்தது. எதையோ விழுங்கிவிட்ட ஒரு பெண்ணுடையது. என்ன விஷமென்று தெரிந்தால்தான் மருந்து.

"ஒரு மணிக்குள்ள சொல்லுங்க தம்பி. அதுக்கு மேல தாங்காது," என்றார் டாக்டர் போனில்.

முதலில் வெறும் கரைப்பானை ஓட்ட வேண்டும். அப்போது திரையில் ஓடும் கோடு தட்டையாக வந்தால்தான் ரத்தத்தின் முடிவை நம்பலாம். கரைப்பான் குப்பியை அவன் பன்னிரண்டில் வைத்தான்.

ஏழாவது நிமிடத்தில் கோடு கூம்பாக எழுந்தது.

காஃபீன்.

காரணமில்லாமல் எழும் கூம்புக்குத் தொழிலில் பேய் என்றே பெயர். அது அழுக்கின் செல்லப் பெயர் என்பது அவன் எண்ணம். கழுவினான். குப்பியை மாற்றினான்.

ஐந்தாவது நிமிடத்தில் வந்தது.

குழாயையே மாற்றினான்.

மூன்றாவது நிமிடத்தில்.

அழுக்கு என்றால் வந்த நேரத்துக்கே வரும். இது நெருங்கிக்கொண்டிருந்தது.

அறையில் ஆறிப்போன காப்பியின் வாடை.

நான்காம் முறை, திரவத்தை உறிஞ்சும் ஊசி குப்பிக்குள் இறங்கும் முன்பே திரையில் கூம்பு நின்றது.

அக்காவுக்குப் போன் போட்டான்.

"பன்னெண்டுல ஏதாவது வெச்சியா?"

"காலியாத்தானேக்கா இருந்துச்சு."

"காலின்னு உனக்கு யார் சொன்னா?"

மணி பன்னிரண்டரை. குப்பியை எடுத்து முதல் குழிக்கு மாற்றினான். வராந்தாவில் ஆளில்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். மூடியை இருமுறை தட்டினான்.

"மேடம்... ஆரம்பிக்கலாமா?"

கோடு தட்டையாக ஓடியது.

அடுத்து ரத்தத்தை ஓட்டினான். விஷத்தின் பெயர் பளிச்சென்று வந்தது. ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் டாக்டரிடம் சொல்லி முடித்துப் போனை வைத்தான்.

கொடுத்த வேலை அத்தனையும் முடிந்திருந்தது. ஆனாலும் ஊசி மெல்ல நகர்ந்தது. பன்னிரண்டாம் குழிக்கு மேல் போய் நின்று, காலியிடத்துக்குள் இறங்கியது.

குழியில் குப்பி இல்லையென்றால் அலறி ஊரைக் கூட்டுகிற கருவி அது.

அலறவில்லை.

அவன் மேடத்தின் நாற்காலியிலிருந்து சத்தமில்லாமல் எழுந்து, ஓரமாக நின்றுகொண்டான்.