கோட்டை மைதானத்துக் குதிரைக்காரன்

குதிரை நேராக அவள் மேல்தான் வந்தது.

ஆரணிக் கோட்டை மைதானத்தில் மாவட்டக் கலைவிழா. பட்டுத்தறிக் காட்சிக் கொட்டகையின் ஓரம் நின்றிருந்த தெய்வநாயகி பதறிப் பின்வாங்கினாள். பொய்க்கால் குதிரை சட்டென்று நின்றது. கூட்டுக்குள் இருந்த துரைக்கண்ணு, தெள்ளார்க்காரன், மரக்கால்களில் தடுமாறியபடி சிரித்தான்.

“காகிதக் குதிரைதாங்க... கடிக்காது.”

“ஓட்டறவரு கண்ண எங்க வெச்சிகினு வர்றாரு?”

“உங்க மேலதாங்க... அதான் வழி தப்பிடுச்சி.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே உறைந்தது. தறியருகே அண்ணன் வேலு பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு வீட்டில் அவன் குரலை உயர்த்தவில்லை. அந்தக் குதிரைக்காரன் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பையன், விசாரித்துவிட்டேன், இன்னொரு முறை இந்தப் பக்கம் ஆடினால் மரக்கால் மட்டும் உடையாது என்று சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். அந்த நிதானம்தான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் கொட்டகையில் அவள் தலை நிமிரவில்லை. ஆனாலும் அவன் சலங்கை எங்கே நகர்கிறது என்று காது சொல்லிக்கொண்டே இருந்தது... வராதே என்று மனம் வேண்டியது. வந்துவிடேன் என்றதும் அதே மனம்தான்...

மாலையில் வானம் கறுத்தது. மழையோடு வந்த சூறைக்காற்றில் மேடைப் பந்தலின் மூங்கில்கள் முறியத் தொடங்கின. கூட்டம் சிதறியது. வேலு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். அவள் திரும்பிப் பார்த்தாள். சரியும் பந்தலுக்கு அடியில் துரைக்கண்ணு, மரக்கால்கள் சேற்றில் புதைந்து, கூட்டோடு விழுந்து கிடந்தான். யாரும் அவனுக்காக நிற்கவில்லை.

கையை உதறிவிட்டு ஓடினாள். மரக்கால்களைக் கட்டியிருந்த கயிறுகள் மழையில் நனைந்து இறுகியிருந்தன. போய்விடச் சொல்லி அவன் கெஞ்சினான், உங்கள் அண்ணன் பார்க்கிறார் என்றான். அவள் கயிற்றைப் பல்லால் கடித்து முடிச்சைத் தளர்த்தினாள். இருவரும் உருண்டு வெளியே வந்த கணத்தில் பந்தல் மடிந்து விழுந்தது.

நிமிர்ந்தபோது எதிரே வேலு. சுற்றிலும் ஊர்.

“இவன் உனக்கு இன்னா வேணும்?”

ஒன்றுமில்லை, பாவம் பார்த்தேன் என்றால் போதும்... அண்ணனே நம்பிவிடுவான். துரைக்கண்ணுவின் கண்களும் அதைத்தான் வேண்டின. எவ்வளவு அச்சம் அந்தக் கண்களில்... தனக்காக அல்ல, அவளுக்காக.

அவன் கையை அவள் பற்றிக்கொண்டாள்.

“எனக்கு இவரப் புடிச்சிருக்குதுண்ணா.”

வேலு ஓங்கிய கை பாதியில் நின்றது. தங்கையின் உதட்டில் கயிறு கீறிய ரத்தம் மழையோடு வழிந்தது. கையைத் தாழ்த்தி, விலகி நடந்தான். சம்மதமா, கோபமா... அவளுக்குத் தெரியவில்லை.

“உங்களுக்கு?” என்றாள் மெல்ல.

“பயமா இருக்குதுங்க,” என்றான் துரைக்கண்ணு. “ஆனா... உங்கள வுட்டுட்டு ஊருக்குத் திரும்பணும்னா, அதுதாங்க இன்னும் பயமா இருக்குது.”