பூஜ்ஜியப் பேழை

சூடம் அணைத்துச் சத்தியம்: இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

சனிக் கோளின் நிலவான டைட்டன் குடியிருப்பில் செவ்வாய்க்கிழமைதோறும் ஆட்களை உருக்கி எடுப்பார்கள். பூமியிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் உறைந்தே வந்தவர்கள். வீட்டார் கம்பளியும் ஒரு பிளாஸ்க் ரசமுமாகப் பேழைக்கூடத்து வாசலில் நிற்பார்கள். குறித்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் எழுப்பாவிட்டால் உறைந்தவர் உறைந்தவர்தான்.

அன்று நின்றவள் அங்கயற்கண்ணி, நிரல் எழுதுகிறவள். 412ஆம் பேழையில் அவள் கணவன் மாசிலாமணி. திரையில் ‘மாசிலாமணி எழுந்தார்’ என்று பச்சை எழுத்து ஒளிர்ந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்தவனோ பிச்சாண்டி. சோதனைக்காகப் பூஜ்ஜியம் எண் பேழையில் படுக்கவைத்த ஆள்.

“நாலு வாரமா என்னையத்தான்க்கா எழுப்புறாங்க. ஊரார் வீட்டு ரசத்தையெல்லாம் நான்தான் குடிக்கிறேன்.”

முந்தைய மூன்று வீட்டாரிடமும் நிர்வாகம் தலைவிதி என்று சொல்லியிருந்தது.

அவள் நிரலைத் திறந்தாள். சி என்ற பழைய கணினி மொழி. உறங்கவைக்கும் பிரிவும் எழுப்பும் பிரிவும், எந்த விவரத்துக்கு எத்தனை கட்டம் என்று சொல்லும் ஒரே வரையறைக் கோப்பைப் பார்க்க வேண்டும். ஆனால் அடுத்த பிரிவிடம் கோப்பு கேட்பது அங்கே மானக்கேடு. ஆளுக்கொரு நகல் வைத்திருந்தார்கள். உறங்கவைப்போர் நகலில் ‘ஆண்டு’ என்பதற்கு எட்டுக் கட்டங்கள். எழுப்புவோர் நகலில் நான்கு. எட்டில் பின்பாதி எப்போதும் காலி. எழுப்பும் நிரல் அந்தக் காலியைத்தான் ஆண்டுக்கு அடுத்து வரும் பேழை எண் என்று வாசித்தது. காலி என்றால் பூஜ்ஜியம்.

தலைமைப் பொறியாளர் குழந்தைவேலுவிடம் ஓடினாள்.

“கம்பைலர்ல எரர் வந்துச்சா?”

“தனித்தனியா ரெண்டும் சரி சார். அதான் வரல.”

“வரலைல்ல? அப்ப தப்பு இல்ல.”

“அவரு செத்துருவாரு சார்!”

“கோப்ப மாத்தணும்னா ரெண்டு பிரிவும் கையெழுத்துப் போடணும். மாசமாகும். பேசாம உன் வீட்டுக்காரர் பேழை ஒயரைக் கழட்டிப் பூஜ்ஜியத்துல சொருகும்மா.”

சொருகினாள். மாசிலாமணி இருமிக்கொண்டே எழுந்தான். அவள் அழுத அழுகையில் ரசம் ஆறிப்போனது.

மறுநாள் அவளுக்கு ஒயர் அதிகாரி பதவி கிடைத்தது. செவ்வாய்தோறும் ஓர் ஒயரைக் கழற்றிச் சொருகுவது வேலை. ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கு நாள் வந்தால் சீட்டுக் குலுக்கினார்கள்.

ஏழாம் மாதம் ஒரு பெண் தோற்ற சீட்டைக் கையில் பிடித்தபடி கேட்டாள்: “கோப்புலதான் தப்புன்னு உங்களுக்குத் தெரியுமாமே. திருத்தக் கூடாதாம்மா?”

அங்கயற்கண்ணி தன் வீட்டுப் பக்கம் பார்த்தாள். மாசிலாமணி சாப்பிட வந்திருப்பான்.

“ஓடிட்டிருக்குல்லம்மா. ஓடுறதை எதுக்குத் தொடணும்?” என்றாள்.

டைட்டனில் இன்றுவரை மனிதர் யாரும் கால் வைத்ததில்லை.