சாம்பல் நிறம் கேட்ட டாக்டர்

“ஐயோ... பேப்பர்! பேப்பர்!”

மழைக்கு ஒதுங்க ஓடிவந்தவன் தலையைச் சிலுப்பியதில், துணி வெட்டும் மேசைமேல் அவள் எழுதி வைத்திருந்த நாலு வரியும் மை கரைந்து ஓடின.

“சாரிங்க... முக்கியமானதா?”

கண்களா அவை... கோபப்படக்கூட விடவில்லை.

“நாளைக்கு அம்மாவோட நினைவுக் கூட்டம். நான் பேசணும்.”

துணிக்கு டிசைன் வரைந்து, அதிலேயே திரைச்சீலை தைத்து விற்று, முப்பது வருடம் அம்மா நடத்திய கடை அது. அவன் திகைத்துப்போய்ச் சுற்றிலும் பார்த்தான்.

“அவங்க போயிட்டாங்களா? இங்கதானே என்னை நிக்க வச்சுத் திட்டினாங்க...”

அவளுக்குச் சுருக்கென்றது. “செத்தவங்களைக் குறை சொல்லத்தான் வந்தீங்களா? கிளம்புங்க!”

அவனுக்கும் ரோஷம். மழையிலேயே இறங்கிவிட்டான். பத்தடி போனவன், சொட்டச் சொட்டத் திரும்பி வந்தான்.

“குறை சொல்லலைங்க. நான் நாய், பூனைக்கு வைத்தியம் பாக்கற டாக்டர். கிளினிக்குக்குச் சாம்பல் கலர் திரை கேட்டேன். ‘அது ஆஸ்பத்திரியா, ஜெயிலா? வர்ற நாயும் ஓடிரும்’னு கத்தி, மீன் போட்ட மஞ்சள் துணியைக் கையில திணிச்சாங்க. கடுப்போடதான் மாட்டினேன். இப்ப பூனைங்க ஊசியை மறந்துட்டு மீனையே பாத்துட்டு உக்காந்திருக்கு!”

அவள் சிரித்துவிட்டாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு... கூடவே அழுகையும்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் ‘அமைதியானவங்க, அதிர்ந்து பேச மாட்டாங்க’ என்றே சொன்னார்கள். அது அவள் அம்மாவே இல்லை! பிடிக்காத நிறத்தை விற்க மாட்டேன் என்று வாடிக்கையாளரிடம் மல்லுக்கு நின்றவள். பஸ் டிக்கெட்டின் பின்னால் டிசைன் வரைந்துகொண்டே, இறங்கவேண்டிய இடத்தைக் கோட்டை விட்டவள்...

மறுநாள் கடையில் கூடியவர்களிடம் அதைத்தான் பேசினாள். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பெரியம்மா முதலில் முறைத்தாள். பிறகு அவளே, “என் வீட்டுச் சுவருக்கு மூணு தடவை பெயிண்ட் அடிக்க வச்சவடி அவ!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா திரும்பி வந்து கடைக்குள் நின்றதுபோல... அவள் நெஞ்சு லேசானது.

எல்லோரும் போனபின், காலையிலேயே கூட்டத்துக்கு வந்துவிட்ட டாக்டர் மட்டும் நாற்காலிகளை மடக்கியபடி நின்றான்.

“ஒண்ணு சொல்லணும்...”

“சொல்லுங்க.”

“உங்களை... ரொம்பப் பிடிச்சிருக்கு. இன்னைக்குச் சொல்லக்கூடாதுதான். சொல்லாமப் போனா, நாளைக்கு நாய்க்குப் போடற ஊசியை எனக்கே போட்டுக்குவேன்.”

அவள் அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள்.

“அப்பாடா... நானே முதல்ல சொல்லணுமோன்னு காலையிலேர்ந்து பயந்துட்டிருந்தேன்!”