வழி விட்டது யாருக்கு

சோற்றுத் தட்டும் கையுமாக அடுப்படியிலிருந்து வந்த ஷோமாரி, நடையின் நடுவில் நின்று, சுவரோடு ஒட்டி ஒதுங்கி யாருக்கோ வழி விட்டான். முற்றத்துக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஜுவேனா அதைத் திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தாள். நடையில் ஒருவரும் இல்லை. அவன் முகத்தில் பாதியை மறைத்தபடி அந்தக் கண்ணாடி இருந்தது.

“யாருக்கு வழி விட்டீங்க?”

“உனக்குத்தான். இடிக்கிற மாதிரி போனியே, குழம்பு சிந்தப் பார்த்துச்சு.”

“நான் இங்கல்ல நிக்கிறேன்.”

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான். “புதுசு இல்லையா, தடுமாறுது,” என்று கண்ணாடியை ஒரு தட்டு தட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் அவன் தம்பி அனுப்பிய பொருள் அது. தலையில் மாட்டிக்கொண்டால் வீடு வீடாகவே தெரியும். ஆனால் வெறும் சுவரில் பந்தாட்டம் ஓடும், தம்பி எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து கதை பேசுவான். பக்கத்தில் ஆள் வந்தால் மோதிக்கொள்ளாமலிருக்க அந்த ஆளைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டுக் காட்டும். டாங்கா ஊரில் அந்தத் தெருவுக்கு இதுதான் முதல் கண்ணாடி என்பதால் தொடக்கத்தில் தெருவே வந்து ஆளுக்கு ஒரு முறை மாட்டிப் பார்த்தது. அப்புறம் பேச்சு மாறியது. அது பார்ப்பதையெல்லாம் எங்கோ அனுப்பிவைக்கிறது என்றார்கள் பள்ளிவாசலில் ஆண்கள். சுவருக்குப் பின்னால் குளிப்பவர்களையும் காட்டுமாம் என்றார்கள் குழாயடியில் பெண்கள். நேரில் ஒருவரும் கேட்கவில்லை, வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

வாசலில் நின்று “ஹோடி” என்று குரல் கொடுக்காமல் அந்த ஊரில் யாரும் ஒரு வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார்கள். மூன்று முறை கேட்பார்கள். உள்ளேயிருந்து “கரிபு” என்று வரவேற்றால் நுழைவார்கள். இல்லாவிட்டால் வருத்தப்படாமல் திரும்பிவிடுவார்கள். சொந்த வீட்டுக்கு வரும் ஆண்கூட ஹோடி சொல்லிவிட்டுத்தான் வருவான். பொழுதெல்லாம் ஹோடி கேட்டுக்கொண்டிருந்த வீட்டில் இப்போது ஈ, காக்கைகூட இல்லை. ஜுவேனாவுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

“உன் புருஷன் சுவரோட கொஞ்சுறான்னு ஊரே சிரிக்குது,” என்றாள் பக்கத்து வீட்டு ஹிதாயா, வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு. “அதுக்குள்ள எவளை வெச்சிருக்கானோ, யாரு கண்டா.”

“சும்மா இருங்கக்கா. நேத்து சௌமுக்குத் தலை பின்ன வந்தீங்களே, அப்படியே ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போயிருக்கலாம்ல.”

“நானா? அந்தக் கண்ணாடி போற வரைக்கும் உன் வாசல் பக்கமே வரமாட்டேன்னு இருக்கேன். நல்லா ஆளைப் பார்த்தே.”

ஜுவேனா உள்ளே போய், பாயில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயது மகள் சௌமுவின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். மண்டையோடு ஒட்டிய பொடிப்பொடிப் பின்னல்கள், காதுக்குப் பின்னால் சுழன்று சுழன்று உள்ளேயே திரும்பிப் போயின. இப்படி ஒரு பின்னலை அவள் எங்கும் பார்த்ததில்லை. சிக்குப்பிடித்த தேங்காயெண்ணெய் வாடை அடித்தது.

“இது யாரு பின்னுனது?”

“நீதாம்மா,” என்றாள் சௌமு, தலையைத் தூக்காமல்.

ஜுவேனா பிள்ளையின் தலையிலிருந்து கையை எடுத்தாள். தான் குழாயடிக்குப் போகும் நேரத்தில் எவளோ வந்து போகிறாள், பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அன்று மாலை ஷோமாரியிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

“எவ வர்றா இங்க?”

அவன் முதலில் சிரித்தான், அப்புறம் சிரிப்பு அடங்கியது. “முதல் நாள் இதை மாட்டினப்ப ஹோடின்னு ஒரு குரல். வாசல்லயா கண்ணாடியிலயான்னு புரியல. மூணாவது தடவையும் கேட்டுச்சு. பதில் சொல்லாம இருந்தா மரியாதையா இருக்காதேன்னு கரிபுன்னுட்டேன். எட்டிப் பார்த்தா வாசல்ல ஆள் இல்ல.”

“பொம்பளைக் குரலா?”

“உன் குரல்தான். நீதான் வந்துட்டேன்னு நெனச்சேன்.”

ஒரு சொல்லையும் அவள் நம்பவில்லை. மக்ரிப் பாங்கு சொன்னதும் அவன் பள்ளிவாசலுக்குக் கிளம்பிப் போனான். தானும் தொழ வேண்டிய நேரம் என்று தெரிந்தும், ஜுவேனா அலமாரியைத் திறந்து கண்ணாடியை எடுத்தாள். அதற்குள் ஒளிந்திருப்பவளின் முகத்தை இன்றைக்குப் பார்த்துவிட வேண்டும். நடையில் நின்றபடியே மாட்டிக்கொண்டாள். உள்ளே இன்னும் ஷோமாரியின் வியர்வை வாடை இருந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துப் போனது, அடுப்பில் தேங்காய்ப்பால் கொதித்து மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது, முற்றத்து வெளிச்சம் மங்கி நடையின் கோடியில் பாய்வரைக்கும் நீலமாகப் படிந்திருந்தது. பாயில் சௌமு. அவளைச் சுற்றி வெள்ளைக் கோடு. சரிதான்.

சௌமுவுக்குப் பின்னால் இன்னொரு கோடு.

உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கோடு. உள்ளே ஆள் இல்லை, சுவர்தான் தெரிந்தது. தோளில் காங்காத் துணி போர்த்திய வளைவு. ஜுவேனா குனிந்து தன் தோளைப் பார்த்தாள். அவள் தோளிலும் அதே வளைவு. இரண்டு கைகளின் கோடு சௌமுவின் தலைமுடிக்குள் போய்ப் போய் வந்தது.

கண்ணாடியைக் கழற்றினாள்.

பாயில் சௌமு மட்டும். தலை பின்பக்கம் சாய்ந்திருந்தது, யாரோ இழுப்பதுபோல.

“வலிக்குதும்மா,” என்றாள் பிள்ளை. ஜுவேனாவைப் பார்த்துச் சொல்லவில்லை.

காதோரம் ஒரு கொத்து முடி தானாக எழுந்தது. மூன்றாகப் பிரிந்தது. ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. எண்ணெய் வாடை நடையெங்கும்.

“சௌமு. எழுந்து வா.”

பிள்ளை திரும்பவில்லை. காதில் விழவேயில்லை.

வாசலில் குரல். “ஹோடி.”

ஷோமாரி. ஜுவேனா வாயைத் திறந்தாள். ஒலி வரவில்லை.

“ஹோடி.”

தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். காற்றுகூட வரவில்லை.

“ஹோடி.”

“கரிபு,” என்றது பாயிலிருந்து. ஜுவேனாவின் குரல். சிரிப்பும் அலுப்புமாக, தினமும் அவள் சொல்வது அப்படியே.

கதவைத் திறந்துகொண்டு ஷோமாரி உள்ளே வந்தான். அவன் முகத்தில் கண்ணாடி இல்லை. அது அவள் கையில் இருந்தது. அவளுக்குப் பின்னால் இருந்த பாயைப் பார்த்துச் சிரித்தான்.

“இன்னுமா பின்னி முடியல? பசிக்குது, சோறு போடு.”

“இதோ, ஆச்சு,” என்றது அவள் குரல்.

ஆள் ஒதுங்கினால்தான் ஆள் போக முடியும், அந்த நடையில். அவள் நடுவில் நின்றாள். இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஷோமாரி நேராக வந்துகொண்டிருந்தான். ஒதுங்கவில்லை.