இரண்டாவது கையெழுத்து

மூன்றாவது வரிசையில் ஒரு மின்விசிறி நின்றுபோயிருந்தது. பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு ஒரு கணம் தடைப்பட்டால் உறக்கம் கலைவதுபோல, கணினி சர்வர் அறையின் ஓயாத இரைச்சலுக்குள் அந்தச் சின்ன அமைதி மட்டும் அவளுக்குத் தனியாகக் கேட்டது. சூடேறும் தூசியின் வாசனை மெல்ல எழுந்தது. இன்னொன்று நின்றது.

விடுமுறை நாளின் மதியம். அலுவலகத்தில் அவளும், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கணவனும் மட்டுமே. இன்டர்காமின் பேசும் பொத்தானை அழுத்தினாள்.

"என்னங்க, ஃபேன் ஒவ்வொண்ணா நிக்குது."

"தீயணைப்பு ஒத்திகைதான் ஓடுது. கரப்பான்பூச்சிக்கே ஊரைக் கூட்டுறவளாச்சே நீ!"

சிரித்தாள். ஒத்திகையை ஓட்டும் கணினிக் கட்டளைகளை, அந்த ஸ்கிரிப்டை, எழுதியவளே அவள்தான். உள்ளே ஆள் இருக்கிறதா பார். இல்லையென்றால் மட்டும் கதவைப் பூட்டு. பூட்டினால் மட்டும் விசிறிகளை நிறுத்து. நின்றால் மட்டும், காற்றை விரட்டி நெருப்பை அணைக்கும் வாயுவைத் திற. முந்தைய கட்டளை வென்றால்தான் அடுத்தது ஓடும்படி சங்கிலியாகக் கோத்திருந்தாள்.

அவள்தான் உள்ளே இருக்கிறாளே.

திரையைத் திறந்தாள். ஆள்: ஒன்று. தோல்வி. அதன் கீழே, கதவு பூட்டப்பட்டது. அவள் கோத்த நிபந்தனைகள் ஒன்றுகூட இல்லை. வென்றாலும் தோற்றாலும் அடுத்தது. அதற்கும் அடுத்தது.

திருத்தியவர்: அவன். படித்துச் சரிபார்த்தவர்: அவள். இரண்டாவது ஆளின் கையெழுத்து இல்லாமல் இங்கே எதுவும் ஓடாது. போன வாரம் காலையில் அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மடிக்கணினியை நீட்டினான். "ஒரு எழுத்துப்பிழைதான் கண்ணு, ஓகே பண்ணிடு." பன்னிரண்டு வருடப் பழக்கம். படிக்காமலே போட்டாள்.

கதவு அசையவில்லை. அவசரப் பொத்தான் செத்துக் கிடந்தது.

"கதவைத் திறங்க!"

"படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்ட?"

கடைசி விசிறியும் நின்றது. கூரையில் சீறல். வாசனையே இல்லை.

கண்ணாடியை அடித்தாள். உள்ளங்கை எரிந்தது. மூச்சு எட்டவில்லை. திரையில் இன்னும் ஒரு கட்டளை மிச்சமிருந்தது. அவள் எழுதாதது. அவள் பெயரிலிருந்து அவனுக்கு ஒரு செய்தி.

'நீங்க முன்னாடி போங்க. உள்ளே ஒரு தடவை பார்த்துட்டு வர்றேன்.'

ஓடியது.

அவன் போன் ஒளிர்ந்தது. அவள் கைகளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, முதல் தடவை படிப்பவன்போலப் படித்தான். லேசாகச் சிரித்தான். நிதானமாகப் பதில் தட்டினான்.

உள்ளே கொண்டுவரக் கூடாதென்று வெளிமேசையில் அவள் வைத்துவிட்டு வந்த போன், மல்லாந்தபடி ஒளிர்ந்தது.

'சரி கண்ணு. ஜாக்கிரதை.'