இதமான காற்று வீசும் தெரு

செவ்வாய்க் கோளின் குடியிருப்பில் எல்லோரும் பல் துலக்குவதற்கு முன்பே ஒரு வேலை செய்வார்கள்: வாசற்கதவின் இடுக்கில் ஒரு தாள் துண்டைப் பிடித்துப் பார்ப்பார்கள். தாள் சும்மா இருந்தால் வீட்டுக் காற்று பத்திரம். தில்லைநாயகி வீட்டில் கொஞ்ச நாளாகவே தாள் கதவோடு போய் ஒட்டிக்கொண்டது. காற்று வெளியே ஓடிக்கொண்டிருந்தது. கைக்குழந்தைக்கு மூச்சு வாங்கியது.

தினமும் மனு அனுப்பினாள். ஒரு ஈ, காக்காகூட எட்டிப்பார்க்கவில்லை. செவ்வாயில் ஈயும் காக்கையும் கிடையாது என்பது வேறு விஷயம். கடைசியில் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பராமரிப்பு அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

"பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது சார். உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா?"

"கோபப்படாதீங்கம்மா. உங்க மனுதான் வந்திருக்கே" என்று அதிகாரி ஜெபராஜ் திரையைத் திருப்பிக் காட்டினார். 'எங்கள் வீட்டில் காற்று இதமாக வீசுகிறது' என்றிருந்தது.

"கசியுதுன்னு எழுதினேன் சார்!"

"மனுவெல்லாம் கோள்தலைவர் பார்வைக்குப் போகுது. அவர் மனசு நோகக்கூடாதுன்னு கணினியில ஒரு கட்டளைநிரல் ஓடுதும்மா."

வந்த மனுக்களை அந்த நிரல் வரிசையாக அடுக்கும். நிரலின் முதல் வரியின் பெயர் 'வடி': கடுஞ்சொல் உள்ள மனுக்களைத் தூக்கி எறிந்துவிடும். அடுத்த வரி 'மாற்று': மிஞ்சியவற்றில் நெருடும் சொற்களை எடுத்துவிட்டு இனிய சொற்களைப் பொருத்தும். தில்லைநாயகி திட்டி எழுதிய மனுக்களெல்லாம் முதல் வரியிலேயே போயிருந்தன.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு குழந்தையின் திணறலை வாழ்த்துச் செய்தியாக்க ஒரு நிரல், அதைக் கட்டி மேய்க்கச் சம்பளத்துக்கு ஓர் அதிகாரி! வெட்கங்கெட்டவர்கள்.

"அப்போ எதைத்தான் தொடாம மேல அனுப்பும்?"

"தலைவர் பேரு இருந்தா தொடாது. ஆனா அவர் பேரை எழுத யாருக்கும்மா அவ்வளவு துணிச்சல்?"

அங்கேயே நின்று எழுதினாள்: 'நாளை கோள்தலைவர் எங்கள் தெருவுக்கு வருகிறார். மகிழ்ச்சி.'

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் தெருவில் ரோபோக்கள் நின்றன. சுவருக்கு வர்ணம் அடித்து, பூந்தொட்டிகளை அடுக்கி, கதவிடுக்கில் காற்றை அடைக்கும் புது வளையம் பொருத்தின. தாள் அசையவில்லை. குழந்தை நிம்மதியாகத் தூங்கியது.

"நல்லா இருப்பீங்கப்பா" என்றாள் தில்லைநாயகி, ஆளா எந்திரமா என்றுகூடப் பார்க்காமல்.

"தலைவர் போனதும் கழட்டிடுவோம் அம்மா" என்றது ரோபோ. "தொட்டி, வளையம் எல்லாம் அடுத்து அவர் போற தெருவுக்கு வேணும். எப்பவும் அப்படித்தானே?"

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தினமும் பல் துலக்குவதற்கு முன்பே தில்லைநாயகி ஒரு மனு அனுப்பிவிடுகிறாள்: 'கோள்தலைவரின் வருகை நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. மகிழ்ச்சி.'

அது உண்மையா என்று தலைவரிடம் கேட்க அலுவலகத்தில் இன்னும் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.