ஏசிக்கு வைத்த பொட்டு

ஏசி ஓடும் சத்தம் நின்றுபோயிருந்தது.

சோபாவில் கண்ணயர்ந்திருந்த ரோகிணியை எழுப்பியதே அந்த அமைதிதான். கேளம்பாக்கத்து அடுக்குமாடி வீட்டில் ஆயுத பூஜை சாயங்காலத்தின் வாசனையெல்லாம் கலந்து கிடந்தது. சாம்பிராணி, பொரிகடலை, வாசலில் உடைத்த திருஷ்டிப் பூசணிக்காய். கீழே யாரோ மாலை போட்ட பைக்கை உறுமவிட்டுச் சிரித்தார்கள். படுக்கையறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே தம்பி பாலா.

புதிதாய்ப் போட்ட கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஏதோ விடுதி விருந்துக்குப் போய்விட்டு விடியற்காலையில் வந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. தாடை இறுகி, பல்லை நறநறவென்று கடித்தான். போதை மாத்திரை விழுங்கியிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷயம் போலீசுக்குப் போகும். அடுத்த வாரம் கல்பாக்கத்தில் வேலைக்குச் சேர வேண்டியவன். "யார்கிட்டயும் சொல்லாதக்கா" என்று அவள் காலைப் பிடித்தான்.

ரோகிணிக்குத் தெரியாத மாத்திரையா? ஆய்வுக்கூடத்தில் அவள் எலிகளுக்குக் கொடுப்பதே அதைத்தான். வெக்கையான கூண்டு எலிகளின் மூளையில் செரோடோனின் நரம்புகள் பட்டுப்போயின. குளிர்ந்த கூண்டு எலிகளுக்குத் தப்பின. படித்த திமிர் யாரை விட்டது! ஏசியை முடிந்தமட்டும் குளிரவிட்டு, தம்பியைப் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினாள். மூளை தப்பினால் போதும், மற்றதெல்லாம் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நம்பினாள்.

இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் நறநறவென்று கேட்டது. பல்லைக் கடிக்கிறான். உயிரோடு இருக்கிறான். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"சந்திரம்மா! ஏசிய யாரு அணைச்சது?"

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வேலைக்காரம்மாவின் குரல் மட்டும் வந்தது. "நான்தாம்மா. மிக்ஸிக்கு வெச்சாமாரியே அதுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சேன். பூச போட்ட மிசின இன்னிக்கு ஓட்டக் கூடாதுல்ல?"

"ஐயோ, அவன் உடம்பு கொதிக்குதே!"

கதவுக்கு மிக அருகில் நறநற. எலிகளும் சாவதற்கு முன் இப்படித்தான் கடிக்கும்.

"அக்கா." பாலாவின் குரல். "வேர்க்குதுக்கா. ஏசி போடேன்."

"இதோ வந்துட்டேண்டா."

கைப்பிடியைத் தொட்டாள். சுட்டது.

"இன்னாம்மா, யாராண்ட பேசிகினு கீற?" சந்திரம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். "தம்பி அசந்து தூங்கிகினு கீது. மத்தியானம் அது நெத்தியிலயும் குங்குமம் இட்டேன், கண்ணே தொறக்கல. ஒடம்பு ஐஸாட்டம் ஜில்லுனு கெடந்துச்சு. பாவமா பூடுச்சு. இப்பத்தான் ஏசிய அணைச்சிட்டு, போர்வையப் போத்திவுட்டேன்."

ஜில்லென்று. மத்தியானமே. ஏசி ஓடியபோதே.

"அக்கா, வேர்க்குது."

சந்திரம்மாவுக்குக் கேட்கவில்லை.

ரோகிணி கதவைத் தள்ளினாள். வெக்கை முகத்தில் அடித்தது. எலிக்கூண்டின் மூத்திர நாற்றம். ஏசியின் மேல் சந்தனம், குங்குமம். கட்டிலில் பாலா. கழுத்துவரை போர்வை. அவன் நெற்றியிலும் அதே பொட்டு. வாய் திறந்தபடி விறைத்திருந்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடவேயில்லை.

நறநற.

திறந்த வாய் அசையாமலே அவன் சொன்னான், "வேர்க்குதுக்கா."